ஷிமொனாதா: ஆளில்லாத ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜப்பானின் ஷிகொக்குத் தீவில், எஹிமே மாகாணத்தைச் சேர்ந்த இயோ நகரின் கடலோரத்தில், ஷிமொனாதா என்றொரு சிறிய ரயில் நிலையம் இருக்கிறது. ஒரே நடைமேடை, கூரை போட்ட இருக்கை, எதிரே ஜப்பானியத் தீவுகளுக்கு நடுவே கிடக்கும் செதோ உள்நாட்டுக் கடல். பணியாளர் எவரும் இல்லை. அதன் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு அங்கே போகத் தீர்மானிப்பவர்கள், புறப்படுவதற்கு முதல் நாள் இரவு என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. தனித்தனியே பதில் எழுதிச் சலித்துப்போனதால் அவற்றைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

ஆளில்லாத நிலையம் என்றால் கைவிடப்பட்ட நிலையமா? வண்டி நிற்குமா?

கைவிடப்பட்டது அன்று. ஜப்பானிய மொழியில் இதை 'முஜின்-எகி' என்பார்கள். நிலையப் பணியாளர் இல்லாத நிலையம் என்பதே அதன் பொருள். கால அட்டவணையில் எழுதியிருக்கும் நிமிடத்தில் வண்டி வரும், நிற்கும், புறப்படும். பேருந்துக்குக் கை காட்டுவதுபோல இங்கே காட்ட வேண்டியதில்லை. நடைமேடையில் ஒருவர்கூட இல்லாவிட்டாலும், அங்கே நிற்க வேண்டிய வண்டி நின்றுவிட்டுத்தான் போகும்.

இது அபூர்வமான ஏற்பாடும் அன்று. ஜப்பானிய அரசின் கணக்குப்படி, 2019-20 நிதியாண்டின் முடிவில் நாட்டிலிருந்த சுமார் 9,500 ரயில் நிலையங்களில் 48 விழுக்காடு ஆளில்லாதவை. அதாவது, ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. அவற்றில் பல, படத்தில் பார்ப்பதுபோன்ற கடலோ மலையோ இல்லாமல், சைக்கிள் நிறுத்தமும் நெல்வயலும் சூழ்ந்த சாதாரண இடங்கள்.

முன்பு அங்கே ஆள் இருந்தார்களா? ஏன் எடுத்துவிட்டார்கள்?

இருந்தார்கள், சும்மாவும் இருக்கவில்லை. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதிக்கொள்ளாமலிருக்க, ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் நின்று அனுமதி வில்லையை ஓட்டுநரிடம் கைமாற்ற வேண்டியிருந்தது. அதோடு கைகாட்டியை இயக்குவது, தடம் மாற்றுவது, பயணச்சீட்டு விற்பது, சீட்டைத் திரும்ப வாங்குவது, ஊரார் அனுப்பும் பொதிகளை எடைபோட்டு ஏற்றுவது என்று சின்ன நிலையத்துக்கும் வேலை நிறைய இருந்தது. பின்னர், நெடுந்தொலைவிலுள்ள ஒரே அறையிலிருந்து ஒரு முழுப் பாதையின் சைகைகளையும் தடங்களையும் இயக்கும் மையக் கட்டுப்பாட்டு முறை வந்தது. சரக்கு லாரிக்குப் போனது. பயணிகள் காருக்குப் போனார்கள். கடனில் மூழ்கிய தேசிய ரயில்வே 1970-களிலும் 80-களிலும் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1987 ஏப்ரல் 1 அன்று அதுவே பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது.

ஷிமொனாதாவுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 1935-இல் திறக்கப்பட்ட இந்த நிலையம் யோசான் பாதையின் கடலோரப் பகுதியில் இருக்கிறது. 1986 மார்ச்சில் மலைகளைக் குடைந்து உள்நாட்டு வழியாக ஒரு குறுக்குப் பாதை போடப்பட்டதும், விரைவு வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. கடலோரத்துக்கு மிஞ்சியவை சாதாரண வண்டிகள் மட்டுமே. இன்று நாம் ரசிக்கும் அமைதி அந்த மாற்றத்தின் விளைவு என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மட்சுயாமாவில் ஏறி உட்கார்ந்தால் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடுமா?

எஹிமேயின் தலைநகரான மட்சுயாமாவில் எந்த வண்டியில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன குறுக்குப் பாதையால், முகைபாரா என்ற நிலையத்தை அடுத்து வழி இரண்டாகப் பிரிகிறது. உச்சிகோ வழியாகப் போகும் வண்டி ஷிமொனாதாவைத் தொடவே தொடாது. இயோ-நகஹாமா வழியாகப் போகும் வண்டியில்தான் ஏற வேண்டும். இரண்டு வழிகளும் இயோ-ஓசுவில் சேர்ந்துவிடுவதால், வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் கடைசி ஊரின் பெயரை மட்டும் பார்த்து ஏறியவர்கள் மலைக்குள் போய் முழித்திருக்கிறார்கள். 'வழி' என்ன என்பதைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

சரியான வண்டி என்றால் சுமார் ஒரு மணி நேரப் பயணம். வண்டிகள் குறைவு, பகலில் இரண்டு மூன்று மணி நேர இடைவெளிகூட விழும். ஆகவே போகும் வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், திரும்பும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். 'இயோனாதா மொனொகதாரி' என்ற சுற்றுலா வண்டியும் இங்கே சில நிமிடங்கள் நின்று போகிறது; ஆனால் அதில் இடத்தை முன்பதிவு செய்தாக வேண்டும்.

ஸ்டேஷனில் ஆளே இல்லை என்றால் டிக்கெட்டை யாரிடம் வாங்குவது, யாரிடம் கொடுப்பது?

நிலையப் பணியாளர் செய்துவந்த வேலையில் பாதியை ஓட்டுநர் எடுத்துக்கொண்டார். மீதியை நீங்கள் செய்ய வேண்டும். கிராமப் பாதைகளில் ஓடும் இந்த வண்டிகளில் ஓட்டுநரைத் தவிர வேறு பணியாளர் இருப்பதில்லை. இதற்கு 'வான்மான்' என்று பெயர். ஆங்கிலச் சொல்லை ஜப்பானிய நாக்கில் உருட்டிப் பாருங்கள், 'ஒரே ஆள்' என்ற பொருள் விளங்கிவிடும்.

போகும்போது சிக்கல் ஒன்றுமில்லை. மட்சுயாமாவில் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறி, ஷிமொனாதாவில் இறங்கும்போது ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டால் போதும். திரும்பும்போதுதான் மனிதர்கள் தடுமாறுகிறார்கள். சீட்டு வாங்க வழியில்லாத நிலையத்தில் வண்டி ஏறும்போது, கதவருகே உள்ள சிறிய இயந்திரத்திலிருந்து எண் அச்சிட்ட ஒரு துண்டுத் தாளை உருவிக்கொள்ள வேண்டும். இதன் பெயர் 'செய்ரிகென்'. நீங்கள் எந்த நிலையத்தில் ஏறினீர்கள் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள பலகையில் ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே கட்டணம் ஒளிரும். வண்டி போகப் போக அந்தத் தொகை ஏறும். இறங்கும் நிலையத்தில் உங்கள் எண்ணுக்குக் கீழே என்ன தொகை இருக்கிறதோ, அதைத் துண்டுத் தாளோடு சேர்த்து ஓட்டுநர் அருகேயுள்ள கட்டணப் பெட்டியில் போட்டுவிட்டு இறங்கலாம். மட்சுயாமா போன்ற பெரிய நிலையத்தில் இறங்கினால், வெளியேறும் வாயிலில் தாளைக் காட்டிப் பணம் கட்டலாம்.

துண்டுத் தாளை எடுக்க மறந்துவிட்டால், வண்டி புறப்பட்ட இடத்திலிருந்து கட்டணம் கேட்கப்படலாம். மறக்காமல் எடுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள், மட்சுயாமாவிலேயே திரும்பி வருவதற்கான சீட்டையும் சேர்த்து வாங்கிவிடலாம். நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான்.

என்னிடம் பத்தாயிரம் யென் நோட்டுதான் இருக்கிறது. டிரைவர் சில்லறை தருவாரா?

எதிர்பார்க்காதீர்கள். கட்டணப் பெட்டி பொதுவாக மீதி தராது. சரியான தொகையைத்தான் போட வேண்டும். பெட்டியோடு ஒட்டினாற்போல ஒரு சில்லறை மாற்றும் இயந்திரம் இருக்கும். அது ஆயிரம் யென் நோட்டை நாணயங்களாக்கித் தரும். பெரிய நோட்டைப் பொதுவாக ஏற்காது. ஓட்டுநர் தம் பையைத் துழாவிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வண்டி தாமதமாகும் நிமிடம். வண்டி நகரும்போது எழுந்து போய் மாற்றுவதும் ஆபத்து. ஏதேனும் நிலையத்தில் நிற்கும்போதே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோவில் வாங்கிய சுய்கா அட்டை என்னிடம் இருக்கிறதே, அதைத் தொட்டால் போதாதா?

போதாது. சுய்கா போன்ற, முன்பணம் ஏற்றிய தொடு அட்டை, அதை வாசிக்கும் கருவி இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யும். சில ஆளில்லா நிலையங்களில் கம்பத்தில் மாட்டிய எளிய கருவி உண்டு, ஷிமொனாதாவில் இல்லை. வேறு பகுதிகளிலும் இந்தக் கவனம் தேவை: அட்டையைத் தொட்டு உள்ளே நுழைந்துவிட்டு, கருவி இல்லாத கிராம நிலையத்தில் இறங்கினால், கட்டணத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டும்; அட்டையில் பதிவான நுழைவையும் பின்னர் ஆள் இருக்கும் நிலையத்தில் காட்டி நீக்கிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸ் வைத்திருப்பவர்கள் இறங்கும்போது ஓட்டுநரிடம் காட்டினால் போதும். செய்ஷுன் 18 என்ற பருவகாலச் சலுகைச் சீட்டும் அப்படியே. பெயரில் 18 இருந்தாலும் அதற்கு வயது வரம்பு கிடையாது. 1990-களின் இறுதியில் அந்தச் சீட்டின் விளம்பரத் தட்டிகளில் இடம்பெற்றதால்தான் ஷிமொனாதாவை நாடு முழுக்கத் தெரிந்துகொண்டது.

வண்டி நின்றது, கதவு திறக்கவில்லை. இறங்க முடியாமல் அடுத்த ஊர் போய்விட்டேன். ஏன் அப்படி?

அநேகமாக நீங்கள் தவறான கதவின் முன் நின்றிருப்பீர்கள். ஆளில்லா நிலையத்தில் எல்லாக் கதவுகளும் திறப்பதில்லை. ஓட்டுநரே கட்டணம் வாங்க வேண்டியிருப்பதால், இறங்குவதற்கு முதல் பெட்டியின் முன்கதவு, ஏறுவதற்கு அதே பெட்டியின் பின்கதவு என்பது பொதுவான வழக்கம். இரண்டு பெட்டி வண்டியில் இரண்டாவது பெட்டியின் கதவுகள் மூடியே இருக்கும். உங்கள் நிலையம் வருவதற்கு முன்பே முதல் பெட்டிக்கு நடந்துவிடுங்கள். சில வண்டிகளில் கதவருகே உள்ள பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். குளிரும் வெயிலும் உள்ளே வராமலிருக்கவே அந்த ஏற்பாடு.

யாருமே பார்ப்பதில்லையே, காசு கொடுக்காமல் போகிறவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். அந்தக் குற்றத்துக்குச் செல்லப்பெயரே உண்டு: 'கிசேரு'. அது ஜப்பானியப் பழைய புகைக்குழாயின் பெயர். அதன் இரு முனைகளும் உலோகம், நடுவில் வெறும் மூங்கில். பயணத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மட்டும் சிறு சீட்டுகளை வைத்துக்கொண்டு நடுத்தூரத்துக்குப் பணமே கட்டாமல் போகிறவர்களை இதைவிடக் கச்சிதமாக யாரும் வருணித்துவிட முடியாது.

பிடிபட்டால், கட்டவேண்டிய கட்டணத்தோடு அதன் இரண்டு மடங்கு வரை கூடுதலாகக் கேட்க 1900-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் இடம் கொடுக்கிறது. சோதனை அலுவலர்கள் எப்போதாவது ஏறுவார்கள். ஆனாலும் இந்த முறை பெரும்பாலும் நம்பிக்கையில்தான் ஓடுகிறது. பல நிலையங்களின் வாயிலில், பயன்படுத்திய சீட்டைப் போட ஒரு சாதாரணப் பெட்டி மட்டுமே இருக்கும்.

கழிவறை, சாப்பாடு?

சாப்பாட்டையும் தண்ணீரையும் மட்சுயாமாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி ஏறுவதற்கு முன் கழிவறைக்கும் போய்விடுங்கள். குப்பைத் தொட்டி இருக்காது என்றே வைத்துக்கொண்டு ஒரு பை கொண்டு போங்கள். உங்கள் குப்பையைப் பொறுக்கப்போகிறவர் சம்பளக்காரர் அல்லர். பெரும்பாலான ஆளில்லா நிலையங்களைப் போலவே, பெருக்குவதும் பூச்செடி வைப்பதும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தாம்.

வண்டி வரவே இல்லை என்றால் யாரைக் கேட்பது?

முதலில் ஒலிபெருக்கியைக் கவனியுங்கள். பல நிலையங்களில் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே தாமத அறிவிப்பு வரும். ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். பேசுகருவி பொருத்தியிருந்தால் அதில் அழைக்கலாம். இல்லாவிட்டால், ரயில் நிறுவனத்தின் இணையதளத்தில் வண்டி ஓட்ட நிலவரம் என்ற பக்கம் இருக்கும். அதைக் கைப்பேசியில் முன்னதாகவே சேமித்து வையுங்கள். புயல், கனமழை நாள்களில் வண்டிகளை முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள். வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் போகாதீர்கள் என்பதே என் அறிவுரை.

கடலுக்கு மிக அருகிலுள்ள நிலையம் என்று போட்டிருக்கிறார்களே, நடைமேடையிலிருந்து காலை நனைக்கலாமா?

முடியாது. ஒரு காலத்தில் அலை நிலையத்தின் அடிவாரம் வரை வந்தது உண்மை. பின்னர் கரையைத் தூர்த்து நெடுஞ்சாலை 378-ஐப் போட்டார்கள். இருக்கையில் உட்கார்ந்தால் சாலை கண்ணில் படாமல் கடல் மட்டும் தெரிவதால், படங்களில் அந்தப் பழைய பெருமை இன்னும் தொடர்கிறது.

இதோடு சேர்த்து ஒன்று: படத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். விசில் ஊதித் தடுக்க ஆள் இல்லை என்பது இறங்குவதற்கான அனுமதி ஆகாது. டீசல் வண்டி வளைவில் திரும்பி வரும்போது, அலைச் சத்தத்தில் அது காதில் விழாமலும் போகலாம்.

சக்கர நாற்காலியில் அம்மாவை அழைத்துப்போகலாமா?

முன்கூட்டியே ரயில் நிறுவனத்துக்குச் சொல்லாமல் போக வேண்டாம். ஓட்டுநர் வேலையையும் கட்டண வேலையையும் ஒருங்கே செய்பவரால் நாற்காலியை ஏற்றி இறக்க இயலும் என்று உறுதி சொல்ல முடியாது. முன்கூட்டி அறிவித்தால் சில நிலையங்களுக்கு வேறு நிலையத்திலிருந்து பணியாளர் வந்து பலகை போட்டு உதவுவார்.

நினைத்தபோது புறப்படும் உரிமை மற்றவர்களுக்கு இருக்க, தங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டு, ஓயிதா மாகாணத்தில் மாற்றுத்திறனாளிகள் 2020-இல் ரயில் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஆளில்லா நிலையங்களில் இவர்களுக்கு என்ன வசதி செய்ய வேண்டும் என்ற வழிகாட்டுதலை அரசு 2022 ஜூலையில் வெளியிட்டது. என் பார்வையில் ஆளில்லா நிலையங்கள் குறித்த வருத்தங்களில் மிக நியாயமானது இதுதான். அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஒரு ஸ்டேஷனை மூடாமல் வைத்திருந்தார்களாமே, அது இதுதானா?

இது அன்று, அந்தக் கதையும் சொல்லப்படும் விதத்தில் உண்மை அன்று. 2016 ஜனவரியில் உலகெங்கும் பரவி, தமிழிலும் சில மாதங்களுக்கு ஒரு முறை வாட்ஸ்அப்பில் வந்துகொண்டேயிருக்கும் கதை அது. அதில் வருவது வடக்கே ஹொக்கைடோவில், எங்கரு ஊராட்சியில் இருந்த கியூ-ஷிரதாகி நிலையம்.

உண்மையான பகுதி இது: உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருவர் அந்த நிலையத்திலிருந்து பள்ளிக்குப் போய்வந்தார், அவர் படிப்பை முடித்த அதே 2016 மார்ச்சில் நிலையம் மூடப்பட்டது. 'அவருக்காகவே நிறுவனம் காத்திருந்தது' என்பது பிறகு ஒட்டப்பட்டது. பயணிகள் குறைந்துபோனதால் பக்கத்திலிருந்த காமி-ஷிரதாகி, ஷிமோ-ஷிரதாகி ஆகியவற்றோடு சேர்த்தே இந்த நிலையமும் அட்டவணை மாற்றத்தின்போது மூடப்பட்டது. ஜப்பானில் பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில், ரயில் அட்டவணை பெரிதாக மாறுவதும் மார்ச்சில். இரண்டும் ஒன்றாக விழுந்ததில் வியப்பு இல்லை. நாளொன்றுக்கு இரண்டே வண்டி என்ற விவரம்கூடப் பக்கத்து காமி-ஷிரதாகியினுடையது. பகிர்ந்தவர்கள் இரண்டையும் குழப்பிவிட்டார்கள்.

ஆனால் கதையின் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. கிராமப் பாதைகளின் காலை, மாலை வண்டிகள் பெரும்பாலும் பள்ளி மணியை ஒட்டியே ஓடுகின்றன. ஓட்டுரிமமும் காரும் இல்லாத மாணவர்கள்தாம் அவற்றின் முதன்மையான வாடிக்கையாளர்கள்.

ஆளில்லாத ஸ்டேஷனில் பூனை ஸ்டேஷன் மாஸ்டராக இருந்ததாவது உண்மையா?

அது முழுக்க உண்மை. வகயாமா மாகாணத்தின் கிஷிகவா பாதையைப் பழைய நிறுவனம் நட்டத்தால் கைவிட, 2006 ஏப்ரலில் வகயாமா மின்சார ரயில்வே ஏற்றது. செலவைக் குறைக்கக் கடைசி நிலையமான கிஷியும் ஆளில்லாததாயிற்று. பக்கத்துக் கடையின் மூவண்ணப் பூனை தாமா, 2007 ஜனவரியில் நிலைய அதிகாரியாக முறைப்படி நியமிக்கப்பட்டது. தலைக்குத் தொப்பி, சம்பளத்துக்குப் பூனைத் தீனி. 2010-இல் நிலையக் கட்டடத்தையே பூனை முகம்போலக் கட்டினார்கள். தாமா 2015 ஜூனில் இறந்த பிறகு நிதாமா என்ற பூனை பதவிக்கு வந்தது. நிலையப் பணியாளரின் மற்ற வேலைகள் ஓட்டுநருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் போய்விட்டதைப் பார்த்தோம். வருகிறவரை வரவேற்கும் வேலை மட்டும் இங்கே பூனைக்குப் போயிற்று.

ஷிமொனாதாவில் இப்போது ஒரே கூட்டமாமே. இதைவிடத் தனிமையான ஸ்டேஷன் எது?

விடுமுறை நாள் மாலையில், சூரியன் மறையும் நேரத்தில், கூட்டம்தான். தனிமை வேண்டுமானால் ஷிகொக்குவிலேயே, தொகுஷிமாவின் மலைப்பள்ளத்தில் த்சுபொஜிரி இருக்கிறது. அங்கே நின்று போகும் வண்டி, ஒரு முறை பின்னோக்கியும் நகர வேண்டும். ஷிகொக்குவுக்கு வெளியே, குன்மா மாகாணத்தில் தொயாய் இருக்கிறது. அதன் ஒரு பக்க நடைமேடை சுரங்கத்துக்குள் ஆழத்தில் கிடக்கிறது, வெளியே வர 486 படி ஏற வேண்டும். ஆள் இருந்த காலத்தில், வண்டி புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பே வாயிலை மூடிவிடுவார்களாம். அதற்குப் பின் வருபவர் கீழே இறங்குவதற்குள் வண்டி போய்விடும்.

எல்லாவற்றையும்விட ஒதுங்கியது ஹொக்கைடோவின் கொபொரோ. இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே சிறிதளவு வெட்டவெளி, ஊர் இல்லை, சாலையும் இல்லை. வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட 1943-இல் அமைத்த இடம் அது. இங்கே போகிறவர்கள் திரும்பும் வண்டியைப் பற்றி மேலே சொன்னதை இரண்டு முறை படியுங்கள். தவறவிட்டால் நடந்து போய்ச் சேர ஓர் ஊர் இல்லை.

ஆளை எடுத்துவிட்டார்கள் என்றால் அடுத்து ஸ்டேஷனையும் மூடுவார்கள் என்றுதானே அர்த்தம்?

அப்படிக் கொள்ள முடியாது. நாட்டின் பாதி நிலையங்களில் ஆள் இல்லை என்று முதலிலேயே பார்த்தோம். பல நிலையங்கள் ஐம்பது ஆண்டுகளாக அப்படியே ஓடுகின்றன. செலவைக் குறைத்து நிலையத்தைப் பிழைக்கவைக்கவும் ஆளை எடுப்பதுண்டு. மூடுவதைத் தீர்மானிப்பது பயணிகளின் எண்ணிக்கை. ஹொக்கைடோவில் 2021 மார்ச்சில் மட்டும் 18 நிலையங்கள் ஒரே நாளில் மூடப்பட்டன.

மூடாமல் காப்பாற்றியதும் உண்டு. கொபொரோவை மூட விரும்புவதாக நிறுவனம் 2015-இல் சொன்னபோது, தொயோவுரா ஊராட்சி பராமரிப்புச் செலவைத் தானே ஏற்பதாக முன்வந்தது. 2016 முதல் அந்த ஏற்பாட்டில்தான் நிலையம் உயிரோடு இருக்கிறது. ஒருவர்கூட வசிக்காத இடத்துக்கு ஊர்ப்பணமா என்று கேட்கலாம். ஆனால் அந்த ஊரின் பெயரைக் கேள்விப்பட்டவர்களில் பலர் கொபொரோவால்தான் கேள்விப்பட்டார்கள். ஷிமொனாதா போன்ற சாலையோர நிலையங்களுக்குக் காரில் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களால் நிலையத்துக்கு ஒரு யென்கூட வருமானம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காத்திருப்பு அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடந்தது. அதில் தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். அது 'எகி நோட்டு', வந்துபோகிறவர்கள் எழுதிவைப்பதற்காகவே ஊராரோ ரயில் ஆர்வலர்களோ வைப்பது. பல ஆளில்லா நிலையங்களில் பார்க்கலாம். தேதி, எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், அன்று மழையா வெயிலா என்று எழுதினால் போதும். பக்கத்தைக் கிழிக்காதீர்கள், தொலைபேசி எண்ணை எழுதாதீர்கள், நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கே கிடக்கும் பேனா பல நேரம் எழுதாது. ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள்.